நாலு விரல் சுருங்கிய ஸ்டோர்

மகாராணியின் ஏலக்காய் ஸ்டோர் நாலு விரல் சுருங்கியது ஆடிக் கடைசியிலா, ஆவணி பிறந்தா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழை பெய்துகொண்டிருந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் போடிமெட்டில் நடந்த எதை நினைத்தாலும் மழை பெய்துகொண்டிருந்ததாகத்தான் தோன்றும். கிழமையும் மறந்துவிட்டது. சுருங்கியதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஸ்டோர் என்றால் கடை அல்ல. பறித்த பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு அடுப்பின் சூட்டில் உலர்த்தி எடுக்கும் கட்டடம். போடிமெட்டுக்கு இந்தப் பக்கத்துச் சரிவில் மகாராணியின் கணவர் ஈஸ்வரன் அதைக் கட்டியபோது, அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே உலையில் சோறு வெந்தது. எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஈஸ்வரன் இறந்த மறுவருஷம் தம்பி ராம்பிரசாத் பார்த்தார். தன் பாகத்தில், மதினியின் சுவரை ஒட்டியே, அதைவிடப் பெரிய ஸ்டோர் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டு டேப் பிடித்து அளந்தார். மதினியின் சுவர் நாலு விரல் தன் நிலத்துக்குள் நின்றது. நாலு விரலுக்காகவா ஒரு சுவரை இடிப்பது என்று ஊர் கேட்டது. நாலு விரலும் நிலம்தானே என்று அவர் கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகளாக இருந்ததால் யாரும் பதில் சொல்லவில்லை. தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தார். சர்வேயர் வந்து அளந்து, ஆக்கிரமிப்பு உறுதியானால் சுவரை எடுத்துவிட வேண்டும் என்று ஆயிற்று. அடுப்பு அந்தச் சுவரில்தான் இருந்தது. சுவர் போனால் அடுப்பு போகும், அடுப்பு போனால் மிஞ்சுவது மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை.

இந்த நேரம் பார்த்து அடுப்பின் இரும்புக் கதவு இரண்டாக வெடித்தது. காய் பறிப்பு தொடங்கியிருந்தது. பறித்த காயை மறுநாளைக்குள் சூட்டில் போடாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். சுற்றியிருந்த சிறு தோட்டக்காரர்கள் மகாராணியின் வாசலில் மூட்டைகளை இறக்கி, அடுப்பைப் பார்த்து, மரியாதைக்குச் சற்று நேரம் நின்றுவிட்டு, பக்கத்து ஸ்டோருக்குத் தூக்கிப் போனார்கள். ஒரு பருவம் அங்கே போனவர்கள் அடுத்த பருவம் இங்கே வரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ராம்பிரசாத்துக்கும் தெரியும்.

"சுவரே போகப்போகுது மதினி, கதவு என்னத்துக்கு?" என்றார் அவர்.

"இருக்குற வரைக்கும் எரியணும்ல கொழுந்தனாரே" என்றாள் மகாராணி.

கதவைச் சாக்கில் கட்டி, வாடகைக்கு ஜீப்பு ஓட்டும் அழகுராஜாவின் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினாள். போடியில் வெல்டிங் வைத்தார்கள். வார்ப்பிரும்பு ஒட்டுக்கு இணங்காது. சூடு பட்டதும் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடித்தது. தேனியில் பம்புசெட்டுச் சாமான் தவிர வேறெதுவும் வார்ப்பதில்லை என்றார்கள். மதுரையில் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்காரர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, நூறு கதவு என்றால் உலையை மூட்டலாம், ஒரு கதவுக்கு மூட்டினால் உலை சிரிக்கும் என்றார். மீதித் தொண்ணூற்றொன்பதை என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, சொந்தக்காரர் கல்யாணங்களில் சீராகக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னார். கோயம்புத்தூர்க்காரர்கள் போனில் டன் கணக்கில் பேசினார்கள். உலகத்தில் எல்லாமே நூறு நூறாகத்தான் பிறக்கின்றன, தன் அடுப்புக்கு மட்டும் ஒரு வாய்தான் வேண்டியிருக்கிறது என்று எண்ணியபடி அவள் திரும்பினாள். உசிலம்பட்டி தாண்டிய பிறகுதான் அழகுராஜா, பொட்டிபுரத்துக்குப் பின்னால் ஜக்கையன் என்று ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரிடம் ஒரு கோளாறு உண்டு என்று ஆரம்பித்தான்.

கோளாறு இதுதான்: ஜக்கையன் எதையும் ஒன்றுக்கு மேல் வார்க்கமாட்டார். ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் வண்டிச் சக்கரங்களின் நடுவே வைக்க இரண்டு இரும்புக் குடம் கேட்டு வந்தபோது ஒன்றை மட்டும் கொடுத்து, மற்றதற்கு வேறு ஊர் பார்க்கச் சொல்லிவிட்டார். வார்த்ததை அரம் போட்டு ராவித் தருவதும் கிடையாது. அதே ஊரில் இன்னொருவருக்கு அவர் வார்த்துக் கொடுத்த கிணற்றுக் கப்பி கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. மாட்டிய இரண்டாம் நாள் கிணறு அகன்று கொடுத்தது. வீட்டார் ஒரு முழம் கயிறு கூடுதலாக வாங்கியதோடு சரி.

ஜக்கையன் கொட்டகையில் கட்டிலில் படுத்திருந்தார். உடைந்த கதவைப் படுத்தபடியே பார்த்தார். மர அச்சு எங்கே என்று கேட்டார். போடியில் அச்சுச் செதுக்கும் ஆசாரி கொழுந்தியாள் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார், வர ஒரு வாரம் ஆகும், காய் அதுவரை காத்திருக்காது என்றாள் மகாராணி. இந்தக் கதவையே கம்பியால் கட்டி மண்ணில் பதித்து வார்க்கச் சொன்னாள். அவர் கதவின் ஓரத்தைப் படுத்தபடியே தடவிப் பார்த்தார். பிறகு, இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும், அதனால்தான் மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செதுக்குவது, பழைய கதவையே அச்சாக வைத்தால் புதுக் கதவு சின்னதாகத்தான் வரும் என்றார்.

"வந்தா ராவிச் சரி பண்ணுங்கண்ணே."

"பெருசுன்னா ராவலாம். சின்னதை என்னத்தை ராவ?"

"அப்ப அடுப்புக்கிட்டச் சொல்லிக்கிறேன்."

ஜக்கையன் எழுந்து உட்கார்ந்தார். அவர் எழுந்து உட்கார்ந்ததை அழகுராஜா அன்றுதான் பார்த்தான். "சொல்லிப் பாரு தாயி" என்றார். "நூறு உருப்படில ஒண்ணுன்னா அதுதேன் எடத்துக்கு அடங்கணும். ஒத்தையாப் பொறந்ததுக்கு எடம் அடங்கும்."

கதவு சின்னதாகவே வந்தது. பொருத்தியதும் சுற்றிலும் சந்து விட்டுப் புகை கக்கியது. பக்கத்து ஸ்டோரில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். மகாராணி கூட்டமான பஸ்சில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொல்வதுபோல, "கொஞ்சம் ஒடுங்கி உக்காரு ஆத்தா, இன்னொரு ஆளும் வரணும்" என்று அடுப்பிடம் சொல்லிவிட்டுக் காய் பரப்பப் போனாள். மத்தியானத்துக்குள் அடுப்பு ஒடுங்கி, கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அடுப்பு ஒடுங்கியதால் சுவர் அதனோடு நகர்ந்தது, சுவரில் இருந்த பல்லி உட்பட. சுவருக்குத் தகுந்தபடி கூரை, கூரைக்குத் தகுந்தபடி தட்டுகள். சாயங்காலம் மகாராணிக்குச் செருப்பு தொளதொளத்தது. வருஷக்கணக்காக ஸ்டோரைவிட்டு நகராமல் கிடந்ததால் தன்னையும் அதன் தளவாடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள் போல என்று நினைத்தாள். வருத்தமாகவும் இல்லை, பெருமையாகவும் இல்லை. சேலை மட்டும் சுருங்கவில்லை. அது போடியில் வாங்கியது.

சர்வேயர் வந்தார். எல்லைக் கல்லிலிருந்து கயிறு பிடித்தார். சுவர் எல்லைக்கோட்டின் மேல் அட்சரசுத்தமாக நின்றது, கோட்டைத் தாண்டவில்லை. மறுபடி அளந்தார். தன் டேப்பும் சுருங்கிவிடுமோ என்ற பயத்தில் அதைத் தரையில் வைத்ததும் எடுத்துவிட்டார். ஆக்கிரமிப்பு இல்லை என்றார். ராம்பிரசாத் தன் சுவருக்கும் மதினி சுவருக்கும் நடுவே புதிதாகத் தெரிந்த சந்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். நாலு விரல் போயிற்று. கட்டைவிரல் போகவில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அதில் ஒரு கோழியைக்கூட விட முடியாது. காற்றடித்தால் சந்து விசிலடித்தது, அதுவும் அவர் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து. தோட்டக்காரர்கள் மூட்டைகளோடு மகாராணியின் வாசலுக்குத் திரும்பியிருந்தார்கள். இரண்டு வருஷம் அவர் பொறுத்தார். மூன்றாம் வருஷம், நாலு விரலையும் தன் ஸ்டோருக்குள் அடைத்துக்கொள்வது என்று முடிவெடுத்து, ஆசாரியிடம் தன் அடுப்புக் கதவைவிடப் பெரிய மர அச்சு ஒன்று செதுக்கி வாங்கிப் பொட்டிபுரம் போனார். எவ்வளவு பெரிசு என்று ஜக்கையன் கேட்டதற்கு, இருக்கட்டும், தாராளமாகவே இருக்கட்டும் என்றாராம். ஜக்கையன் அவருக்காக எழுந்து உட்காரவில்லை.

புதுக் கதவை வைத்ததும் அடுப்பு அகன்றது, அதோடு ஸ்டோரும். ராம்பிரசாத்தின் ஸ்டோர் பெரியது. அதனால் வளர்ந்ததும் பெரிதாக வளர்ந்தது. நடுவிலிருந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டு, எல்லைக்கோட்டைக் கடந்து, மகாராணியின் சுவரில் வந்து மோதி, அதையும் இரண்டு விரல் உள்ளே தள்ளிவிட்டு நின்றது. அவரும் கூடவே வளர்ந்தார். ஸ்டோருக்குள் தெரியவில்லை, போடி வீட்டு நிலைப்படியில் தலை இடித்தபோதுதான் தெரிந்தது. வளர்ந்த நிலத்தைத் தன் பேரில் உறுதி செய்துகொள்ள அவரே மனுக் கொடுத்து அதே சர்வேயரை வரவழைத்தார். சர்வேயர் இந்த முறை டேப்பைத் தரையில் வைக்கவே இல்லை. "போன தடவை அவங்க சுவரு சரியா இருந்துச்சு. இந்தத் தடவை உங்க சுவரு ரெண்டு விரல் அங்கிட்டு இருக்கு சார்" என்றார். சட்டம் ஒன்றுதான் என்றும், மகாராணி சரி என்று சொன்னால் ராம்பிரசாத்தின் சுவரை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அந்தச் சுவரில்தான் அவருடைய அடுப்பும் இருந்தது.

எல்லாரும் மகாராணியைப் பார்த்தார்கள். அவள் உள்ளே போய்த் தன் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பக்கத்து அடுப்பு முழு மூச்சில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு சுவர்களையும் தாண்டி அதன் சூடு இதமாக வந்தது. அவள் தன் அடுப்பை இன்னும் மூட்டாதபோதே, அந்தச் சுவரை ஒட்டிய அவள் தட்டுகளில் காய் ஏற்கெனவே உலரத் தொடங்கியிருந்தது. வெளியே வந்தாள். ராம்பிரசாத் மழையில் நனைந்தபடி நின்றார்.

"இடிக்க வேணாம் கொழுந்தனாரே" என்றாள். "சுவரு சூடா இருக்கு. நெருப்பை மட்டும் அமத்திறாதீக."

அவர் அமர்த்தவில்லை. அமர்த்தினால் சுவரை இடிக்க அவளுக்கு உரிமை இருந்தது. இப்போது மகாராணி காயில் பாதியை அவர் விறகில் உலர்த்துகிறாள்; தோட்டக்காரர்கள் யார் வாசலில் மூட்டையை இறக்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டுகொண்டு, இரண்டு வாசலுக்கும் நடுவில் இறக்குகிறார்கள். ராம்பிரசாத் குனிந்து நடக்கப் பழகிவிட்டார். அதனால் முன்னைவிடப் பணிவானவர் என்று பெயர். சர்வேயர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, மலை இல்லாத ஊருக்குப் போனார். அழகுராஜா இன்னும் ஜீப்பு ஓட்டுகிறான். ஜக்கையன் கட்டிலில் இருக்கிறார். சென்ற மாதம் யாரோ அவரிடம் ஒரு சாவி வார்க்கச் சொல்லி வந்ததாகவும், பூட்டு எந்த வீட்டுடையது என்று அவர் கேட்டதாகவும் சொல்கிறார்கள்.