அதே மாத்திரை

கணவரின் காரியம் முடிந்த மறுவாரமே அவள் தன் மருந்துக்கடையை மறுபடி திறந்துவிட்டாள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய மனிதர், இரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கியும், ஸ்டென்டில் அடைப்பு வந்து இறந்துபோனார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா பாரு, கல்நெஞ்சுக்காரி" என்று உறவில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த வருடம் மருந்துக்கடைக்காரர்கள் சங்கத்தில் ஒரு கூட்டம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து மரபணுவைப் பார்த்தால், சில மருந்துகள் யார் உடம்பில் வேலை செய்யாது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். அதைக் கடைகளிலேயே செய்யலாமா என்று பேச வந்தவர் கேட்டார்.

"வாய்க்குள்ள குச்சி விட நாம என்ன பல் டாக்டரா?" என்றார் பஸ் நிலையத்துக் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"டாக்டர் எழுதறார், நாம கொடுக்கறோம். நடுவுல மூக்கை நுழைச்சா நமக்குத்தான் வம்பு" என்றார் இன்னொருவர்.

பேச வந்தவர் உதாரணத்துக்கு ஒரு மாத்திரையைச் சொன்னார். சிலருடைய உடம்பில் அது வெறும் மாவு உருண்டைதான் என்றார். கணவர் விழுங்கிய அதே மாத்திரை.

"நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்று அவளைக் கேட்டார்.

"யோசிக்கணும் சார்" என்றாள். கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

சில மாதங்களில் கொழுந்தனுக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்து சீட்டை நீட்டினான். அதே மாத்திரை. பெட்டியைக் கையிலெடுத்தவள் திரும்ப வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், இவருக்கு மரபணு டெஸ்ட் எடுத்துப் பாக்கணும். இவங்க அண்ணன் இதைச் சாப்பிட்டுட்டு இருக்கும்போதுதான் போனாரு. ரிசல்ட் வர்ற வரைக்கும் வேற மாத்திரை எழுதுங்க."

"எல்லாருக்கும் கொடுக்கறதுதானேம்மா?"

"நான் கொடுக்க மாட்டேன் சார்." குரல் உயரவில்லை. மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. டாக்டர் மருந்தை மாற்றினார்.

ரிசல்ட் வந்தது. கொழுந்தன் உடம்பில் அந்த மாத்திரை வேலையே செய்யாது. அவன் மனைவி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்க குலதெய்வம் நீங்க!" வேறு யாருடைய கையையோ பிடித்திருப்பதைப் போல இவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொழுந்தன்தான் மெல்லக் கேட்டான். "அண்ணி, அப்போ அண்ணனுக்கும்...?"

"இருக்கலாம். இனிமே எங்க பாக்கறது?"

அவன் கண்ணாடி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பினான். அவள் அவன் முதுகில் கை வைத்தாள். தனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. விட்டுடாதே" என்றாள்.

அதற்குப் பிறகு யார் அந்த மாத்திரைச் சீட்டோடு வந்தாலும், டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்கிறாள். சிலர் டாக்டரிடம் திரும்பிப் போகிறார்கள். சிலர் முறைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள். அவள் அடுத்தவரின் சீட்டுக்குக் கை நீட்டுகிறாள்.