குறுக்கே இன்னொரு கோடு

1

இந்தக் கதை ஒரு பல்வலியில் தொடங்கியது. மறைத்துப் பயனில்லை. அமெரிக்காவின் தெற்கே வளைகுடாக் கரையில் உள்ள எங்கள் சிற்றூருக்கு ஒரே பல் மருத்துவர்தான். அவர் கிளினிக்கில் வாயைப் பிளந்து படுத்திருந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு புகைப்படத்தைப் பார்த்தேன். மருத்துவர் பட்டாளச் சீருடையில் விறைப்பாக நிற்கிறார். முன்மேசையில் போன் எடுக்கும் அம்மாள், அதே சீருடையில், அவரை அதட்டிக்கொண்டிருக்கிறார். இருவரும் மாநிலத் தன்னார்வக் காவல் படையில் இருக்கிறார்களாம். அவர் சாதாரணச் சிப்பாய், அந்தம்மாள் சார்ஜென்ட். மரத்துப்போன வாயோடு சிரித்தேன். ஒரு நகைச்சுவைக் கதை தானாக மடியில் வந்து விழுந்ததாக நினைத்துக்கொண்டேன்.

(பெயர்களை மாற்றிவிட்டேன். இனி வரப்போவது முழுக்க என் கற்பனை. அந்த இருவரும், பாவம், நல்லவர்கள். என் பல்லும் சரியாகிவிட்டது.)

2

முதல் தொடக்கம்: "பல் கிளினிக்கில் போன் எடுக்கும் ட்வைலா காப் திங்கள் முதல் வெள்ளிவரை பணிவே உருவானவள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும்..."

அடித்துவிட்டேன். படை என்னவென்று தெரியாமல் யார் சிரிப்பார்கள்?

இரண்டாவது தொடக்கம்: "மாநிலத் தன்னார்வப் படை என்பது யாதெனில்..."

இது பள்ளிக்கூடக் கட்டுரை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இவர்களைக் கூப்பிட கவர்னரால் மட்டுமே முடியும். நாட்டின் போருக்கு இவர்களை அனுப்ப முடியாது. துப்பாக்கி கிடையாது, சம்பளம் கிடையாது, சீருடையும் பூட்சும் சொந்தச் செலவு. புயல் வந்தால் முகாம் நடத்துவார்கள், தண்ணீர் பகிர்வார்கள், வெள்ளம் சூழ்ந்த தெருக்களில் வீடு வீடாகத் தட்டிப் பார்ப்பார்கள். நிஜப் பட்டாளத்துக்காரர்கள் இவர்களைப் பார்த்து வாய்க்குள் சிரிப்பதுண்டு. இவர்களும் அது தெரியாததுபோல் இருந்துவிடுவார்கள்.

ஆனால் இவர்களிடம் வெளியாளுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. இவர்கள் உள்ளூர்க்காரர்கள். எந்த வீட்டில் யார், யாருக்கு என்ன நோய், யாருடைய நாய் கடிக்கும், எல்லாம் தெரியும். (இந்த வாக்கியத்தைப் பெருமையாகத்தான் எழுதினேன்.)

3

ட்வைலாவை எப்படிப் படைப்பது? கணவன் விட்டுப் போனவள். பிள்ளைகள் வேறு ஊர்களில். கிளினிக்கில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்களே குறைவு, 'ஹலோ' என்பார்கள். படையிலோ அவள் உள்ளே வந்தால் பத்துப்பேர் எழுந்து நிற்பார்கள். அவளுக்கு உலகத்தில் இருப்பது அந்தச் சீருடைச் சட்டை ஒன்றுதான். போனால் எல்லாம் போச்சு.

மருத்துவர் கார்லண்ட் ப்ரூயிட்டை எளிதாகப் படைத்துவிட்டேன். அதிகாரியாகச் சேரச் சொன்னபோது மறுத்து, கடைநிலையில் சேர்ந்தவர். சனிக்கிழமைகளில் தன் ஊழியரிடமே திட்டு வாங்குவதில் அவருக்கு ஒரு குஷி.

4

புயலை வரவழைத்தேன். கதைக்கு வேண்டியிருந்தது.

உயரச் சக்கர லாரியில் ட்வைலாவின் குழு ஒரு தெருவுக்குள் போகிறது. தண்ணீர் ஜன்னல்மட்டம். அவர்கள் முறை இது: வீட்டை அடைந்ததும் சுவரில் வண்ணத்தால் ஒரு சாய்கோடு. உள்ளே பார்த்து முடித்தபின் அதன் குறுக்கே இன்னொரு கோடு, கீழே ஆள் எண்ணிக்கை. பூட்டிய கதவை உடைக்கும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. பூட்டியிருந்தால் ஒற்றைக் கோட்டோடு விட்டுவிட வேண்டும். பின்னால் கருவிகளோடு வரும் மீட்புப் படகு ஒற்றைக் கோட்டைக் கண்டால் நிற்கும். பெருக்கல் குறியைக் கண்டால் தாண்டிப் போகும்.

கிளினிக்குக்கு வழக்கமாக வரும் நடீனின் வீடு பூட்டியிருந்தது. தட்டினார்கள். தலைக்குமேல் ஹெலிகாப்டர், கீழே லாரி எஞ்சின். பதில் வரவில்லை. கார்லண்ட் முதல் கோட்டை இழுத்துவிட்டுத் திரும்பினார்.

"இவங்க தங்கச்சி வீட்டுக்குப் போறதா சொன்னாங்கல்ல?"

"ஆமா. அதுக்குத்தான் செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட்ட ரத்து பண்ணாங்க. போனை நான்தானே எடுத்தேன்" என்றாள் ட்வைலா. கார்லண்ட் இன்னும் தயங்கினார். "போடுங்க டாக்டர். இன்னும் ரெண்டு தெரு கிடக்கு."

குறுக்கே இரண்டாவது கோடு. கீழே பூஜ்யம்.

சத்தியமாகச் சொல்கிறேன், இதை நான் திட்டமிடவில்லை. எழுதிய பிறகுதான் கையைப் பார்த்தேன். ட்வைலா விதி தெரிந்தவள், பத்துப்பேருக்குச் சொல்லிக் கொடுப்பவள். அவள் வாயிலிருந்து இது எப்படி வந்தது? அழிக்கப் பார்த்தேன். அழித்தால் கதை பொய்யாகிவிடும். ஊரை நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது.

5

நடீனும் அவள் கணவர் எல்ராயும் கூரைக்கு அடியிலிருந்த மச்சில் இருந்தார்கள். பெட்டியெல்லாம் கட்டிய பிறகு, கடைசி நேரத்தில், தான் பிறந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கரையில் இப்படி ஒருவராவது இல்லாத குடும்பம் எது?

மறுநாள் மீட்புப் படகு வந்தது. சுவரைப் பார்த்தது. போய்விட்டது.

அதற்கு அடுத்த நாள், மூன்று வீடு தள்ளிக் கூரையில் இருந்த ஒருவரை ஏற்ற வந்து எஞ்சினை நிறுத்தியபோதுதான் நடீனின் குரல் கேட்டது. அதற்குள் மச்சின் வெக்கையில் எல்ராய் இறந்துபோயிருந்தார்.

(இங்கே ஒரு நாள் எழுதுவதை நிறுத்தினேன். கற்பனைதானே என்று வீட்டில் சொன்னார்கள். கற்பனைதான். எழுதாமல் போன அந்த ஒரு நாள் கற்பனை இல்லை.)

6

பள்ளி விளையாட்டுக்கூடத்தில் முகாம். வாசலில் ட்வைலாவும் கார்லண்டும். படகுக்காரர் நடீனைக் கைத்தாங்கலாக ஒப்படைத்துவிட்டு, அவளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "உங்க ஆளுங்க பெருக்கல் போட்டிருந்தாங்கம்மா. அதான் நாங்க நிக்கல."

ட்வைலா நடீனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். கார்லண்ட் ட்வைலாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"கோடு போட்டது நான். நானே சொல்லிக்கறேன். நீ வாயத் திறக்காதே."

பல் மருத்துவர் ஒருவர் சொல்லும் வாக்கியமா இது? வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு பக்கம் சிரிக்க வைத்திருப்பேன்.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கார்லண்ட் பழியை ஏற்கிறார். ஊர் அவரை மன்னித்துவிடுகிறது, எல்லோருக்கும் பல் இருக்கிறதே. இன்னொன்றில் ட்வைலா சட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். இரண்டும் எழுதும்போது நன்றாகத்தான் இருந்தன. இரண்டிலும் நடீன் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள், அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் கிழித்துப் போட்டேன்.

7

ட்வைலா போர்வை கொண்டுவருகிறாள். நடீன் நிமிர்ந்து பார்க்கிறாள்.

"ட்வைலா கண்ணு, உனக்குத் தெரியாம இருக்காது. மச்சு ஓட்டை வழியா பார்த்துக்கிட்டே இருந்தேன். படகு எங்க சுவரு வரைக்கும் வந்துது. கத்துனேன், எஞ்சின் சத்தத்துல கேக்கல. அவன் என்னத்தையோ படிச்சான். படிச்சுட்டுத் திரும்பிட்டான். எல்ராய் அப்ப உசுரோடதான் இருந்தாரு." பிறகு கேட்கிறாள்: "எங்க சுவத்துல என்ன எழுதியிருந்துச்சு?"

இதற்குமேல் நீங்கள்தான் எழுத வேண்டும். உண்மையைச் சொல்ல வையுங்கள், காலில் விழ வையுங்கள், கார்லண்டை நடுவில் கொண்டுவாருங்கள், உங்கள் இஷ்டம். 'எனக்குத் தெரியாது நடீனம்மா' என்று மட்டும் ட்வைலாவைச் சொல்ல வைக்காதீர்கள்.

அதை நான் எழுதிப் பார்த்துவிட்டேன். நடீன் அப்படியே நம்பினாள். ட்வைலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீங்களெல்லாம் இல்லையென்றால் இந்த ஊர் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லி அழுதாள்.