நிமிஷத்துக்கு ஐம்பது சுற்று

"வேகத்தைப் பத்தி நான் கேக்கலீங்க. எவ்வளவு மெதுவா சுத்தும்னுதான் கேட்டேன்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கேட்டவளை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற அவள் தங்கையைப் பார்த்தார். நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை.

"நாலாயிரம் சுத்து போகுதுங்கறேன். இவங்க என்னடான்னா..."

"அக்கா, நாலாயிரமாம்," என்றாள் தங்கை, ஏதோ காது கேளாதவளுக்குச் சொல்வது போல.

"கேட்டுது. கீழ எவ்வளவு வரைக்கும் இறங்கும்?"

தங்கைக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கடைக்குள் கால் வைத்ததும், "மரக் கிண்ணம் கடையறதுக்கு மேசை லேத் வேணும், இருக்கறதிலேயே வேகமானதா காட்டுங்க" என்று சட்டமாகச் சொன்னவள் அவள்தான். சுற்றுகிற கருவிகளைப் பற்றி அவளுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பல் செட் செய்யும் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை. அங்கே அவள் பேனாவைப் போலப் பிடிக்கும் சின்னக் கருவி நிமிஷத்துக்கு முப்பதாயிரம் தடவை சுற்றும். வேகம் ஏற ஏறத்தான் மழமழப்பு வரும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அக்காவுக்குப் பாடம் நடத்தினாள். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். அந்த "ம்" சம்மதமில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அக்காவுக்கு வீட்டில் பெயர் ஆமை. வைத்தவள் தங்கை, வைத்தபோது அவளுக்கு ஆறு வயது. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அக்கா தட்டில் பாதி அப்படியே இருக்கும். செருப்பு மாட்டுவதற்குள் பஸ் போய்விடும். கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லவே நாலு மாதம் எடுத்துக்கொண்டவள். காலையில் சலவை நிலையத்தில் வேலை; மத்தியானத்துக்கு மேல், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒடுக்கமான அறையில், உள்ளங்கை அகலத்துக்கு மேல் எதையும் ஏற்றாத குட்டி லேத்தில் கதவுக் குமிழ், சதுரங்கக் காய், பம்பரம் என்று ஏழு வருஷமாகக் கடைந்துகொண்டிருக்கிறாள்.

போன மாதம் காற்றில் பஸ் பணிமனை வாசலில் நின்ற பெரிய மரம் சாய்ந்தது. அதன் நிழலில்தான் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் இத்தனை காலம் சாப்பிட்டது, சண்டை போட்டது, சமாதானமானது எல்லாம். அடிமரத்தில் ஒரு துண்டை மட்டும் விறகுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். எல்லா வண்டிச் சாவியும் போட்டு வைக்கிற மாதிரி அதில் ஒரே ஒரு பெரிய கிண்ணம் வேண்டும் என்றார்கள். இரண்டு தச்சர்கள் பார்த்துவிட்டு, நாலாக அறுத்து நாலு சின்னக் கிண்ணம் தருகிறோம் என்றார்களாம். அக்கா ஒரு நாள் முழுக்க அந்தத் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணாவே வரும்" என்றாள். சொன்ன பிறகுதான் அதற்கேற்ற லேத் தன்னிடம் இல்லையே என்ற கவலை வந்தது.

துண்டுக்குப் பதினைந்து அங்குல அகலம். பச்சை மரம். காய்ந்தால் வெடிக்கும் என்று வெட்டுமுகமெல்லாம் மெழுகு பூசி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். அப்படியும் இன்று காலை ஓரத்தில் நூலிழை மாதிரி ஒரு விரிசல். அது எங்கே முடிகிறது என்று பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு, "கிளம்பு, கடைக்குப் போலாம்" என்றாள். அக்கா யாரையும் கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தித் தங்கை பார்த்தது அதுவே முதல் தடவை.

"ஐந்நூறு," என்றார் கடைக்காரர், கையேட்டைப் புரட்டிவிட்டு. "ஐந்நூறுக்குக் கீழ இறங்காது."

"அப்போ இதுவும் ஆகாது."

முதலில் காட்டியது அளவிலேயே அடிபட்டுவிட்டது. அக்கா டேப்பை எடுத்து, மரம் மாட்டும் அச்சிலிருந்து கீழே ஓடும் இரும்புத் தண்டவாளம் வரை அளந்தாள். ஐந்து அங்குலம். இரட்டித்தால் பத்து. பதினைந்து அங்குலத் துண்டு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். இந்த இரண்டாவதில் எட்டு அங்குலம்; இடம் போதும். புது மணப்பெண் மாதிரி பளபளவென்று வேறு இருந்தது. அதையும் வேண்டாம் என்கிறாளே.

"ஏங்க, ஐந்நூறுதான் மெதுவாச்சே," என்றார் அவர். "அதுக்கும் கீழ போனா மரம் தூங்கிடும்."

அக்கா கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த கோணல் மரக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை மாட்டிப் பாக்கலாமா?"

"எதை, கதவுக் கட்டையையா?"

"என் மரமும் முதல் நாள் அப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு."

பெயின்ட் வாங்க வந்திருந்த ஒருவர், "மாட்டித்தான் பாருங்களேன், எனக்கும் பொழுது போகும்" என்றார். கடைக்காரர் முனகிக்கொண்டே கட்டையில் இரும்புத் தட்டை வைத்து நாலு திருகாணி இறக்கி, இரண்டாவது லேத்தில் ஏற்றினார். அக்கா தங்கையின் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தினாள்.

"கட்டைக்கு நேரா நிக்காதே. பிச்சுக்கிட்டா உன் பல்லு செட்டை நீயே செஞ்சுக்கணும்."

சுவிட்சைப் போட்டதும் லேத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மேசை அதிர்ந்தது; மேசை மேலிருந்த திருகாணிப் பெட்டி நடந்துபோய்க் கீழே விழுந்தது. அதைத் தொடர்ந்து லேத்தே ஒரு விரற்கடை நகர்ந்தது. கடைக்காரர் பாய்ந்து நிறுத்தினார். பெயின்ட்காரர் மட்டும் சிரித்தார். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டை இருந்த இடத்தில் பணிமனை மரத்தை நினைத்துப் பார்த்தாள். இருப்பது ஒரே ஒரு துண்டு. தான் பஸ்ஸில் பேசிய பேச்சைக் கேட்டு அக்கா தலையாட்டியிருந்தால், அந்தத் துண்டு கடைசியில் சுவரில் மோதி இரண்டாகியிருக்கும்.

"அந்த மூலையில துணி போட்டு மூடியிருக்கே, அது என்ன?" என்றாள் அக்கா.

"அதுவாம்மா. அதை யாரும் கேக்கறதில்ல. யானைக் கனம். தூக்க நாலு ஆள் வேணும்."

"கனமா இருந்தா நல்லதுதானே. நடந்து போகாது."

துணியை விலக்கினால் சாம்பல் நிறத்தில், அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத லேத். அக்கா அளந்தாள், எட்டரை அங்குலம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு குமிழ். கடைக்காரர் கையேட்டின் தூசியை ஊதிவிட்டுப் படித்தார். "ஐம்பதிலேர்ந்து ஆரம்பம்." படித்துவிட்டு அவரே இன்னொரு தடவை பார்த்தார்.

கட்டையை அதில் மாற்றினார்கள். அக்கா, கடைக்காரர் குடித்து மீதி வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து லேத்தின் தண்டவாளத்து மேலேயே வைத்தாள். குமிழைத் திருப்பினாள். சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் உலாத்துகிறவரைப் போலக் கட்டை சுற்றியது. டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. அக்கா கொஞ்சம் கூட்டினாள். இன்னும் கொஞ்சம். தண்ணீரில் மெல்லிய வளையங்கள் எழுந்தன. உடனே ஒரு மயிரிழை பின்னால் திருப்பினாள். வளையங்கள் அடங்கின.

"இங்கேதான் ஆரம்பிக்கணும்," என்றாள்.

கைப்பையிலிருந்து முகக்கவசம் வந்தது. பழைய துண்டில் சுற்றிய உளியும் வந்தது. உளியைத் தாங்கியில் வைத்து, இடுப்போடு சேர்த்துப் பிடித்து, உடம்பையே மெல்லத் திருப்பினாள். முதலில் டக் டக்கென்று மேடு மட்டும் பட்டது. கட்டை உருண்டையாக ஆக டக் டக் நெருங்கி வந்து ஒரே ஓசையானது. ஒவ்வொரு தடவையும் டம்ளரைப் பார்த்துத்தான் குமிழைக் கூட்டினாள். சுருள் சுருளாகச் சீவல் அவள் கை மேல் ஏறி விழுந்தது. வருஷக்கணக்காகச் செருப்பில் மிதிபட்ட கட்டைக்குள்ளிருந்து தேன் நிறத்தில் வரிகள் எழுந்து வந்தன. ஏதோ தூர தேசத்து ஆற்றின் வரைபடம் போல இருந்தது தங்கைக்கு.

சாமான் வாங்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சத்தமில்லாமல் சுற்றி நின்றிருந்தார்கள்.

"யாருங்க அவங்க?" என்று பெயின்ட்காரர் கிசுகிசுத்தார்.

"எங்க அக்கா," என்றாள் தங்கை. அது போதாது போலிருந்தது. "கிண்ணம் கடையறவங்க. பஸ் பணிமனை மரத்தைக் கடையப்போறது இவங்கதான்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அக்கா லேத்தை நிறுத்தினாள். கடைக்காரர் கட்டையை விரலால் தடவினார். இம்முறை அவர் தங்கை பக்கம் திரும்பவில்லை. "இதுவே போதுமாம்மா, இல்ல வேற ஏதாவது பாக்கணுமா?" என்று அக்காவிடமே கேட்டார்.

"இதுதான். இன்னைக்கே வந்துடுமா?"

"சாயங்காலத்துக்குள்ள நாலு ஆளோட அனுப்பறேன். கதவுக்கு வேற கட்டை தேடிக்கறேன், இதை இனிமே தரையில போட மனசு வராது."

வெளியே வெயில் சரிந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் அக்காவின் தலைமுடியிலிருந்து சீவல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள் தங்கை. யாராவது வந்து 'இதென்ன' என்று கேட்க மாட்டார்களா என்றிருந்தது. யாரும் கேட்கவில்லை. நிறுத்தத்தில் நின்றவர்கள் அவரவர் கவலையில் இருந்தார்கள்.

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன்," என்றாள் அக்கா. "விடிஞ்சதும் மாட்டிடணும். விரிசல் கோட்டைத் தாண்டறதுக்குள்ள வெளிப்பக்கத்தையாவது கடைஞ்சு எடுத்துட்டா தப்பிச்சிடும். ஒவ்வொரு மணி நேரமும் கணக்குதான்."

தங்கை விரலில் ஒரு சீவலைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். நாளைக்குள் முடித்தே ஆக வேண்டிய மூன்று பல் செட் கூடத்தில் காத்திருந்தன. எப்படி ஓடினாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் வர முடியாது. முதல் சீவல் விழுவதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. இதைக் கேட்பது நியாயமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

"அக்கா, நான் வர்ற வரைக்கும் சுவிட்சைப் போடாம இருப்பியா?"