உப்புத் தண்ணீர் வந்த வீடுகள்

அந்த நகரத்தில் யாராவது சாகப்போகிற வீட்டின் குழாயில் ஒரு வாரத்துக்கு முன்பே உப்புத் தண்ணீர் வந்துவிடும். மற்றபடி குடிநீர் விநியோகத்தைப் பற்றிப் பெரிய குறை எதுவும் சொல்வதற்கில்லை. நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த பெண்தான் இதை முதலில் கவனித்தவள். புகாரோடு வரும் பாட்டில் தண்ணீரில் மஞ்சள் கரைசலைக் கலந்து, அது செங்கல் நிறத்துக்குத் திரும்பும் வரை துளித்துளியாக மருந்து விட்டு, உப்பு எவ்வளவு என்று சொல்வது அவள் வேலை. உப்பு மிஞ்சிப்போன வீடுகளுக்குக் குழாய் ஆட்களை அனுப்பினால், அவர்கள் போய்ச் சேரும்போது வாசலில் கூட்டம் நிற்கும், உள்ளே அழுகைச் சத்தம் கேட்கும், குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாக இருக்கும். முதலில் தற்செயல் என்று நினைத்தாள். ஒரு கோடைக்காலம் முழுக்க அப்படியே நினைத்துப் பார்த்தும் முடியாமல் போகவே, வெல்டிங் பட்டறை வைத்திருந்த கணவனிடம் சொன்னாள்.

"வெளியில மூச்சு விடாதே," என்றான் அவன். "கடைசியில உன் தலையிலதான் விடியும்."

அவள் மூச்சு விட்டாள். ஊர் இரண்டுபட்டது. நிலவியல் பேராசிரியர் ஒருவர் வந்து, நகரத்துக்கு அடியில் பழங்காலத்துக் கடல் ஒன்று புதைந்து கிடக்கிறது, அது பொங்கும்போது வரும் நச்சுக்காற்றுதான் ஆளைக் கொல்கிறது என்றார். மூன்று இடங்களில் ஆழமாகத் துளை போட்டதில் நல்ல தண்ணீராகக் கிடைத்தது. நகராட்சி அதற்கு மோட்டார் வைத்துக்கொண்டது. பெரிய டாக்டர் அதெல்லாம் ஒன்றுமில்லை, உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, அவ்வளவுதான் என்றார். உப்பு வந்த வீடுகளுக்கெல்லாம் கேன் தண்ணீர் போனது. அவர்கள் அதைக் குடித்துவிட்டு, ரத்த அழுத்தம் சரியாக இருக்கும்போதே செத்தார்கள். போலீஸ் இன்ஸ்பெக்டர் யாரோ விஷமி செய்கிற வேலை என்று சந்தேகித்து மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு கான்ஸ்டபிளைக் காவல் போட்டார். அந்தக் கான்ஸ்டபிள் கண்கொட்டாமல் காவல் இருந்த வாரத்தில் அவர் வீட்டுக் குழாயிலேயே உப்பு வந்தது. அவருடைய அண்ணன் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு யோசனையும் சொன்னவர் வாயில் கேட்கும்போது ஆணி அடித்தாற்போல இருக்கும். குழாயடிக்குப் போனதும் பல்லிளித்துவிடும்.

பரிசோதகிக்கும் ஒரு யோசனை இருந்தது. உப்பு யாரையும் கொல்லவில்லை, சொல்லத்தான் செய்கிறது என்பது அதில் ஒரு பாதி. அது சொல்வது ஆளைப் பற்றியல்ல, வீட்டைப் பற்றி. வீட்டைக் காலி செய்துவிட்டால் சாவு வெறும் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் என்பது இன்னொரு பாதி. இந்தப் பாதிமேல் அவளுக்கு உயிர். சோதித்துப் பார்க்க அடுத்ததாக உப்பு வந்தது சலூன்காரர் வீட்டில். அவர், அவர் மனைவி, படுக்கையில் கிடந்த அப்பா என்று மூன்று பேர். வேனை வரவழைத்து, கிழவரைப் பாயோடு தூக்கி வைத்து, நகரத்தின் மறுகோடியில் சலூன்காரரின் தங்கை வீட்டில் கொண்டுபோய் இறக்கியவள் அவளேதான். ஒரு வாரம் முடிந்தபோது சலூன்காரர் இருந்தார், மனைவி இருந்தாள், கிழவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். தங்கையின் பெண், இரண்டாம் வகுப்புக்காரி, காலையில் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே முன்னால் சாய்ந்து போய்விட்டாள். இவர்கள் போய் இறங்கிய மறுநாளே அந்த வீட்டுக் குழாய் கரித்திருக்கிறது. விருந்தாளிகள் சங்கடப்படுவார்களே என்று தங்கை யாரிடமும் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தத் தங்கை பரிசோதனைக்கூடத்துக்கு வந்தாள். கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அவங்க வர்ற வரைக்கும் எங்க தண்ணி நல்லாத்தாங்க இருந்துச்சு. நீங்க அனுப்பலைன்னா எம் பொண்ணு இருந்திருப்பாளா?"

"தெரியலம்மா."

"தெரியாமலா அனுப்புனீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான் அனுப்புனேன்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே கேட்டது. தங்கை எழுந்து ஸ்டூலை இருந்த இடத்துக்கே தள்ளி வைத்தாள். "தெரிஞ்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் உண்மை. அனுப்பாமல் இருந்திருந்தால் கிழவர் செத்திருப்பாரா, சலூன்காரரா, அந்தக் குழந்தைக்கு எப்படியும் அந்த வாரம்தானா என்று பார்க்க வேண்டுமென்றால், அதே குடும்பத்தை அதே வாரத்தில் அனுப்பாமலும் வைத்திருந்து பார்க்க வேண்டும். அதற்கு வழியில்லை.

ஒரே ஒரு வீட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று நகராட்சிக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சொன்னாள். அவர்களுக்கு அந்த ஒரு வீடே போதும் என்றிருந்தது. உப்பு வந்த வீட்டார் வேறு எந்த வீட்டிலும் தங்கக் கூடாது, தங்கவைத்தால் தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று சட்டம் வந்தது. கையில் கிடைத்த யோசனையை அவரவர் தொழிலுக்குத் தகுந்தபடி வெட்டித் தைத்துக்கொண்டார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலிலேயே "வீட்டுத் தண்ணி எப்படி?" என்று விசாரித்துவிட்டுப் பிறகுதான் படுக்கை காலியா இல்லையா என்று சொன்னார்கள். கட்டட மேஸ்திரி உப்பு வீட்டுக்காரனைச் சாரம் ஏற விடவில்லை. யாருக்கும் இது ஏன் நடக்கிறது என்று தெரியவில்லை. தெரியாததால் எந்த வேலையும் நிற்கவில்லை. சில வருஷங்களில் பேராசிரியர் ஓய்வு பெற்றார், டாக்டர் வெளியூருக்கு மாற்றலாகிப் போனார், ஏன் என்ற கேள்வியும் அவர்களோடு போய்விட்டது. அலுவலகங்களில் உப்பு விடுப்பு என்று ஒரு வாரம் சம்பளத்தோடு கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு காலை பரிசோதகி பல் தேய்த்து வாய் கொப்பளித்தபோது கரித்தது. துப்பிவிட்டு இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள். துளி விட்டுப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. வீட்டில் அவள், கணவன், நெஞ்சுவலிக்காரரான அவள் அப்பா. அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள், தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தன் யோசனை பொய்யாகிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இந்த ஒரு வீட்டில் யாரும் சாகாமல் இருந்துவிட்டால் போதும், அத்தனையும் இடிந்து விழுந்துவிடும்.

மறுநாள் அப்பாவைக் காணவில்லை. கணவன் தேடிப் போய் பஸ் நிலையத்துப் பெஞ்சிலிருந்து கூட்டிவந்தான்.

"நான் தனியா கெடந்தா என்னோடயே போயிடும்ல மாப்பிள்ளை. எவன் வீட்டுக்குள்ளயும் போகலையே நானு."

"மாமா, உங்க பொண்ணு ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துட்டா. போதும், வாங்க."

அந்த வாரம் மூன்று பேரும் ஒரே அறையில் படுத்தார்கள். வாசல் கதவு ரொம்ப நாளாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கணவன் அதன் கீலைக் கழற்றி எண்ணெய் போட்டான். கல்யாணமான புதிதில் அவள் சமையலைப் பற்றிச் சொன்ன பொய்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டான். அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே அப்பாவின் மூச்சை ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோர் கண்ணும் அவர்மேலேயே இருந்தது, அவருடைய கண்ணும் தன்மேலேயே இருந்தது. அதனால்தான் விடுப்பின் கடைசி நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்த கணவன் தூங்கவில்லை என்பதைக் கவனிக்க அவர்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. முப்பத்தெட்டு வயது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவனில்லை. சாயங்காலம் தண்ணீர் நன்றாக வந்தது. அவனைக் குளிப்பாட்ட அதைத்தான் பிடித்தார்கள்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். பட்டறையை விற்றாள். அடுத்த மழைக்காலத்தில், மாடி அறையை வாடகைக்குக் கேட்டு ஒரு இளம் ஜோடி வந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள், கரண்ட் மீட்டர் தனியா என்று கேட்டார்கள், சுவரில் ஆணி அடிக்கலாமா என்று கேட்டார்கள்.

"கடைசியா எப்பங்க உப்பு வந்துச்சு?" என்றாள் அந்தப் பெண்.

"எங்க வீட்டுக்காரர் போனப்ப. இப்ப நல்ல தண்ணி."

அந்தப் பெண் குழாயைத் திறந்து கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். தலையை ஆட்டினாள். பிறகு கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள்.