யாரென்று கேட்காத வேலை

வேல்ஸ் போலீஸின் ஹெலிகாப்டர் நிலையத்தில் எலுனெட்டுக்கு வைத்திருந்த பெயர் ‘பொதுஜனம்’. அங்கே போலீஸ் சட்டை போடாதவள் அவள் ஒருத்திதான். சம்பளம் காவல்துறை கொடுத்தது. ஆனால் அவளால் யாரையும் கைது செய்ய முடியாது, யாரையும் நிறுத்தி விசாரிக்கவும் முடியாது. கடற்படையில் பறந்துவிட்டு வந்தவளுக்கு ஓட்டுவது மட்டுமே வேலை. ஆனால் விசிறி சுழலத் தொடங்கிவிட்டால் அதிகாரம் கைமாறிவிடும். அவள் போகலாம் என்றால் போவார்கள், திரும்பலாம் என்றால் திரும்புவார்கள். சார்ஜெண்ட் பேர்வின் ஆனாலும் சரி, போன வருடம் வந்து சேர்ந்த டெலித் ஆனாலும் சரி, மறுபேச்சு கிடையாது.

அந்த அக்டோபர் மதியம் தொலைபேசி அடித்தபோது பேர்வின் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். எடுத்துக் கேட்டார். பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“என்ன?” என்றாள் எலுனெட்.

“கார்ன் வென் மலை. தெற்குச் சரிவு. நடந்து போன ஒரு ஆள் திரும்பல.”

“மேகம்?”

“உச்சியை மூடியிருக்கு. கீழே சுத்தமா இருக்காம். ஆனா இறங்கிட்டே வருதுங்கறாங்க.”

அவள் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தாள். வானிலைத் திரையையும் பார்த்தாள். “போய்ப் பார்க்கலாம். சரிவு தெரியிற வரைக்கும்தான். பயணிகளே, கிளம்புங்க.”

வழக்கமாக இந்த இடத்தில் பேர்வின், “டிக்கெட் எவ்வளவும்மா?” என்பார். அன்று தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் நடந்தார்.

எங்கே, எவ்வளவு தூரம், வானிலை என்ன என்பதை மட்டுமே விமானியிடம் சொல்வார்கள். காணாமல் போனது யார் என்று சொல்வதில்லை. அவளும் கேட்பதில்லை. அது அந்த நிலையத்துப் பழக்கம். தொலைந்தது குழந்தை என்று தெரிந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட விமானிக்கும் மேகம் கொஞ்சம் உயரமாகத்தான் தெரியும். எரிபொருளும் கூடுதலாக இருப்பதுபோல் தோன்றும். ஒருவரைத் தேடப்போய் நான்கு பேரைத் தேடவேண்டி வந்த கதைகள் அந்தத் தொழிலில் உண்டு.

பிப்ரவரியில் அவள் கணவன் ரிடியன், மலையேறிவிட்டு வந்து காலணியைக் கழற்றியவன், அப்படியே நாற்காலியில் சாய்ந்து போய்விட்டான். மாரடைப்பு. வேனிலில் அவள் வேலைக்குத் திரும்பினாள். யாரையென்று தெரியாமலே தேடும் இந்த வேலை அவளுக்கு அப்போது இதமாக இருந்தது. கீழே இருக்கும் துக்கத்துக்கு ஒரு பெயர் கிடையாது. கைக்கு மட்டும் ஓயாமல் வேலை இருக்கும்.

மலையை அடைந்ததும் எலுனெட் சரிவை ஒட்டி மெதுவாக வரிவரியாகப் பறந்தாள். பக்கத்து இருக்கையில் டெலித் வெப்பக் கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அதில் குளிர்ந்த நிலம் கறுப்பாகவும் உயிருள்ளதெல்லாம் வெள்ளையாகவும் தெரியும். பின்னால் பேர்வின் வரைபடமும் ரேடியோவுமாக உட்கார்ந்திருந்தார்.

“ஆடு,” என்றாள் டெலித். “ஆடு. ஆடு. இது... இதுவும் ஆடு. வேல்ஸ்ல மனுஷங்களே கிடையாதா?”

“தேர்தல் வரட்டும், தெரியும்,” என்றார் பேர்வின். குரலில் உயிரில்லை.

தரைப் போலீஸின் ரேடியோ எலுனெட்டின் காதுக்கு வராதபடி அணைக்கப்பட்டிருந்தது. மலை மீட்புக் குழுவின் பேச்சை மட்டும் அவள் கேட்டாக வேண்டும். கீழே ஆள்கள் நிற்கும் இடம் தெரியாமல் தாழப் பறக்க முடியாது. அந்தக் குழுவில் எல்லோரும் தன்னார்வலர்கள். கடைக்காரர்கள், வாத்தியார்கள். நிலையத்துப் பழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? குழுத் தலைவர் தன் ஆள்களுக்காக நிதானமாக வாசித்தார்:

“வயசானவர். முதியோர் இல்லத்திலேர்ந்து போயிருக்கார். சிவப்புக் கம்பளிச் சட்டை, வீட்டுச் செருப்பு. மகன் மலைக்கு நடக்கப் போயிருக்கான், இருட்டறதுக்குள்ள கூட்டிட்டு வந்துடறேன்னு பக்கத்து அறைக்காரர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பியிருக்கார். பேரு எம்லின் பாரி.”

பேர்வின் கைநீட்டி எதையோ அணைத்தார். அணைத்து என்ன பயன்?

எம்லின் பாரி ரிடியனின் அப்பா. அந்தப் பகுதியில் பாதிப் பேரைப் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றி இறக்கியவர். இப்போது அவருக்கு நினைவு கலைந்துகொண்டிருந்தது. மகன் இறந்ததை எலுனெட் அவரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு முறையும் அவர் அப்போதுதான் கேட்பவர்போலக் கேட்டார். இரண்டு முறையும் முதன்முறைபோல அழுதார். அதன்பின் அவளுக்கு மனம் வரவில்லை. போன ஞாயிறு, “ரிடியன் எங்க?” என்றதற்கு, “மலைக்கு நடக்கப் போயிருக்கார் மாமா, வந்துடுவார்,” என்றாள். அவரும் நிம்மதியாகக் கேக்கைச் சாப்பிட்டார்.

அவள் சொன்ன ஆறுதலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கிழவர் மலையேறியிருக்கிறார்.

ஹெலிகாப்டர் ஆடவில்லை. அவள் கைகள் தம்பாட்டுக்கு வரியை முடித்துத் திருப்பி, அடுத்த வரியைத் தொடங்கின.

“உனக்குத் தெரியுமா?” என்றாள் பின்னால் திரும்பாமல்.

“தெரியும்,” என்றார் பேர்வின். “சொன்னா நீ ஓட்டக்கூடாது. நீ ஓட்டலேன்னா பக்கத்துல வேற வண்டி இல்ல. யோசிச்சேன் எலுனெட். எனக்கு வேற வழி தெரியல. திரும்பணும்னா இப்பவே திரும்பிடலாம்.”

கண்ணாடிக்கு அப்பால் மேகத்தின் அடிவிளிம்பு நனைந்த துணிபோலச் சரிவின்மேல் தொங்கியது.

“கை சரியா இருக்கு. ஓட்டுவேன்,” என்றாள். “ஆனா கண்ணை நம்ப முடியாது. எனக்கு ஆள் தெரிஞ்சுபோச்சு. அதனால மேகத்தை நீங்க ரெண்டு பேரும் பாருங்க. உங்கள்ல ஒருத்தர் போதும்னா திரும்பிடுவேன். நான் கெஞ்சினாலும் விடாதீங்க.”

“சரி,” என்றார் பேர்வின்.

“டெலித், நீ?”

“சரி,” என்றாள் டெலித்.

தேடினார்கள். பிறைபோல் வளைந்த தெற்குச் சரிவு முழுவதும், ஓடையின் மேற்கே சதுப்பு, கைவிட்ட கல்குவாரி என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு பெரணிப் புதரில் வெள்ளையாக எதுவோ தெரிய, மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது எழுந்து கொம்பை ஆட்டியது. இன்னோர் இடத்தில் புல்லில் மங்கலாக ஒரு வெதுவெதுப்பு மட்டும் தெரிந்தது. எதுவோ படுத்திருந்து எழுந்துபோன தடம். அது மனிதனா ஆடா என்று கேமராவால் சொல்ல முடியாது. ரிடியன் போன மறுநாள் காலையில் அவன் படுக்கும் பக்கத்து மெத்தையைத் தடவிப் பார்த்தது எலுனெட்டுக்கு நினைவு வந்தது. அப்போது அங்கே இதுகூட மிச்சமிருக்கவில்லை.

“தடம் மேல்பக்கமாப் போகுது,” என்றாள் டெலித். “ஓடையோட தலைப்பக்கம். அங்க ஒரு பழைய ஆட்டுப்பட்டி இருக்குன்னு வரைபடம் காட்டுது. கல்சுவர்.”

எலுனெட் அந்தப் பக்கம் திருப்பினாள். ஓடையின் தலைப்பக்கம் முழுவதும் மேகம். விளிம்பில் கல்சுவரின் ஒரு முனை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

“மேகம் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினாத் தெரியும்,” என்றாள் எலுனெட்.

அவள் வேகத்தைக் குறைத்தாள்.

“விலகுது பாருங்க. ஒரே ஒரு வரி. இடதுபக்கமா நுழைஞ்சு வலதுபக்கமா வந்துடறேன்.”

பேர்வின் வாயைத் திறந்து மூடினார். அவர் சிறுவனாக இருந்தபோது மழைக்காலக் காலைகளில் எம்லின் பேருந்தை நிறுத்திவைத்துக் காத்திருப்பார். ஓடிவரும் பேர்வினுக்கு அடி விழாமல், “நான்தான் இன்னைக்குத் தாமதமாக் கிளம்பிட்டேன்,” என்று வாத்தியாரிடம் பொய் சொல்வார். அந்த ஆளை அங்கே விட்டுவிட்டுத் திரும்பு என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

“போதும்,” என்றாள் டெலித்.

“டெலித், சுவர் தெரியுது—”

“எனக்குத் தெரியல. போதும், எலுனெட். திரும்புங்க.”

எலுனெட் திருப்பினாள். பள்ளத்தாக்கின் பச்சை கண்ணாடி முழுவதும் நிறைந்தபோது பின்பக்கமெல்லாம் வெள்ளையாகிவிட்டிருந்தது. டெலித் கேமராவை மடக்கிவிட்டு ரேடியோவை எடுத்தாள். மீட்புக் குழுவிடம் அவள் பேசிய குரல் நடுங்கியது. செய்தியில் நடுக்கமில்லை.

“தெற்குச் சரிவு முழுக்கப் பார்த்தாச்சு, ஆள் இல்ல. சதுப்புல இல்ல. குவாரியில இல்ல. அங்கெல்லாம் நேரத்தை வீணாக்காதீங்க. ஓடைத் தலைப்பக்கம் ஆட்டுப்பட்டியை மட்டும் எங்களால பார்க்க முடியல. எல்லாரும் நேரா அங்க போங்க.”

நிலையத்தில் இறங்கியதும் எலுனெட் ஒழுங்காக எல்லாவற்றையும் அணைத்தாள். முன்கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். டெலித் வந்து பக்கத்தில் நின்றாள்.

“நான் சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ சொல்லாம இருந்திருந்தா நுழைஞ்சிருப்பேன்,” என்றாள் எலுனெட். “நிச்சயமா நுழைஞ்சிருப்பேன். இந்தா, அந்தப் பக்கத்தைத் துடை.”

இருவரும் துடைத்தார்கள். பேர்வின் மூன்று கோப்பைத் தேநீர் கொண்டுவந்தார். யாரும் குடிக்கவில்லை. தொலைபேசி அடித்ததும் அவர் ஓடினார். நின்றபடியே கேட்டார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார்.

“பட்டியிலதான் இருந்திருக்கார். சுவரோரமா, காத்துப் படாம,” என்றார். “மீட்புக் குழுவோட நாய் அவர் கால்மேல ஏறி உட்கார்ந்துக்கிச்சாம். இந்தச் சனியனை யாராவது கூட்டிட்டுப் போங்கன்னு திட்டறாராம்.”

“திட்டறாரா?” என்றாள் எலுனெட்.

“நல்லாத் திட்டறாராம்.”

அவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் முகத்தை அந்தத் துணியில் புதைத்துக்கொண்டாள். பேர்வின் அருகில் வந்து, தோளோடு தோள் உரசும்படி நின்றார்.

மருத்துவமனையில் எம்லினை மூன்று கம்பளிகளுக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். மூக்கும் வெள்ளைப் புருவமும்தான் வெளியே. செருப்பில் ஒன்று மலையிலேயே போய்விட்டது. விமானி உடுப்போடு வந்து நின்றவளை அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“வா கண்ணு. நீயும் தேடப் போனியாமே.”

“ஆமா மாமா.”

“ரிடியன் கிடைச்சானா?”

வேலையாக எங்கேயோ போயிருக்கிறான், நாளைக்கு வருவான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. கிழவர் காத்திருந்தார்.

“இல்ல மாமா,” என்றாள். “நல்லாத் தேடினோம். சரிவு முழுக்கப் பார்த்தோம். மலையில எங்கயும் அவர் இல்ல.”

எம்லின் கூரையைப் பார்த்தார். அழவில்லை. தலையை மெல்ல ஆட்டினார்.

“நானும் பார்த்தேன்,” என்றார். “கூப்பிட்டுக்கூடப் பார்த்தேன். இல்ல.”

“ஆமா. இல்ல.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்பளிக்கு வெளியே கிடந்த அவர் விரல்களைப் பிடித்தாள். அவர் சட்டென்று முகத்தைச் சுளித்தார்.

“என்ன கண்ணு, கை இப்படி ஐஸா இருக்கு? எங்கயாவது குளிர்ல சுத்திட்டிருந்தியா?” என்று கடிந்துகொண்டு, அவளது இரண்டு கைகளையும் கம்பளிக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.