கிரிம்வெல் கோட்டையில் ஒரு தறி

இன்றைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி சத்யராஜுக்கு ஒரே கருத்துதான். அவை எல்லாம் இன்னும் இடுப்பை விட்டு இறங்காதவர்களுக்கானவை. கதவு என்றால் அது மினுக்கும். சாவி என்றால் அதன் தலைமேல் அம்புக்குறி ஆடும். அரை நிமிஷம் சும்மா இருந்தால் போதும், ‘உதவி வேண்டுமா?’ என்று ஒரு பொம்மை ஓடி வந்து கன்னத்தைக் கிள்ளும்.

இந்தக் கருத்தை அவன் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘பழைய ஆட்டம்’ என்ற தன் யூடியூப் சேனலில் அந்தக் காலத்துச் சாகச விளையாட்டுகளை மறுபடி ஆடிக் காட்டுவான். கூடவே இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்டுவான். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டத்துக்கு, பாதிப் பேர் திட்டுக்கு.

அவன் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியது ‘கிரிம்வெல் கோட்டை’. படம் கொஞ்சம், எழுத்து நிறைய. மவுஸ் கிடையாது. ‘விளக்கை எடு’, ‘வடக்கே போ’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். படியில் தப்பாகக் கால் வைத்தால் சாவு. முதல் அறையில் ரொட்டியை எடுக்க மறந்தால் நாலாவது அறையில் பட்டினிச் சாவு. பள்ளிக்கூட நாளில், பெரிய காஞ்சிபுரத்துக் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில், நண்பன் வசீமோடு உட்கார்ந்து அதை முடித்தவன் சத்யராஜ். ‘ஒரு துப்பு கிடையாது, ஒருத்தர் உதவி கிடையாது’ என்று சேனலில் வாரம் தவறாமல் சொல்வான். ஆனால் அந்த ஆட்டத்தை மட்டும் இதுவரை ஆடிக் காட்டியதில்லை. உற்சவத்துக்கு மட்டும் எடுக்கும் நகை மாதிரி அதைப் பூட்டி வைத்திருந்தான்.

பூட்டைத் திறக்க வைத்தவள் நஸ்னீன், வசீமின் அண்ணன் மகள். சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே தமிழில் ஒரு சாகச விளையாட்டை அவளாகவே செய்து முடித்திருந்தாள். அதை ஆடக்கூடிய ஆட்கள் எல்லாம் சத்யராஜின் சேனலில்தான் இருந்தார்கள். அவன் ஒரு ஞாயிறு பேசினால் அவள் உழைப்பு வெளியே தெரியும். இல்லாவிட்டால் அவள் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கும்.

சத்யராஜ் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்தான். திரையின் மூலையில் ‘துப்பு’ என்று ஒரு பட்டன்.

“இன்னாம்மா இது?”

“மாட்டிக்கினா அமுக்கலாம் அங்கிள். வேணாம்னா விட்டுடலாம்.”

“எடுத்துடு. எடுத்தாத்தான் என் சேனல்ல பேசுவேன்.”

“ஏன் அங்கிள்?”

“மாட்டிக்கினா மண்டைய உடைச்சிக்கணும்மா. அதான் ஆட்டம். பட்டன அமுக்கறதுன்னா லிஃப்ட்ல ஏறிட்டு மலை ஏறினேன்னு சொல்றா மாதிரி.”

“உங்க கிரிம்வெல்ல ரொட்டி எடுக்க மறந்துட்டவன் எந்த மண்டைய உடைச்சிக்கறது? அவன் பாட்டுக்கு ஆடிக்கினு போறான், திடீர்னு செத்துப்போறான். இது புதிரா, பழி வாங்கறதா?”

“ரொட்டிய எடுக்காதவன் சாவட்டும். அவனுக்கெல்லாம் எதுக்குக் கோட்டை?”

பேச்சு பந்தயத்தில் முடிந்தது. வசீமின் செல்போன் கடையில், நேரலையில், சத்யராஜ் கிரிம்வெல்லை முதலிலிருந்து ஆட வேண்டும். துப்பு இல்லாமல் முடித்தால் நஸ்னீன் தன் பட்டனை எடுத்துவிடுவாள். முடிக்காவிட்டால், அந்தப் பட்டனோடேயே அவள் விளையாட்டைப் பற்றி அவன் சேனலில் பேச வேண்டும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வசீம் வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆரம்பித்தார்கள். முதல் அறைகளை சத்யராஜ் விறுவிறுவென்று கடந்தான். ரொட்டி, விளக்கு, கத்திரிக்கோல், செத்த எலி என்று கண்டதையெல்லாம் வாரிக்கொண்டான். பழைய சாகச விளையாட்டுகளின் நாயகர்கள் எல்லோரும் அடிப்படையில் களவாணிகள்.

ஆறாவது அறையில் கை நின்றது.

அறை நடுவில் ஒரு தறி. அதன் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய இழைகள், சுவரில் இருந்த ஒரு துளைக்குள் போய் மறைந்தன. எதிரே சாத்திய இரும்புக் கதவு.

“இந்த ரூம நான் பாத்ததே இல்லியே.”

வசீம் தலையைச் சொறிந்தான். “டேய், நாம எங்கடா இத முழுசா ஆடனோம்? முதல்ல நாலஞ்சு ரூம்ல செத்துச் செத்து வெறுத்துப் போயி, அப்பறம் கெணத்து ரூம்லேர்ந்துதான ஆரம்பிப்போம்?”

உண்மைதான். சென்டரில் இருந்த ஒரே நல்ல கம்ப்யூட்டரில் தெருப் பையன்கள் எல்லோரும் ஆடினார்கள். முன்னால் ஆடிய எவனோ கிணற்று அறை வரை போய், ஆட்டத்தை அங்கே சேமித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் அங்கிருந்தே தொடர்ந்தார்கள். அதை உதவி என்று ஒருவனும் நினைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் கிடக்கும் பெஞ்சில் உட்கார யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள்?

“லிஃப்ட்டு அப்பவே இருந்திருக்குது” என்றாள் நஸ்னீன்.

நேரலையில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. சத்யராஜின் காது சிவந்தது.

“இப்ப இன்னா? தறிதான? தறி எனக்குத் தெரியாதா?”

தெரியும். அவன் அப்பா கூலிக்கு நெய்தவர். அண்ணன் இன்றும் நெய்கிறான். சத்யராஜே கல்லூரி நாள் வரை தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவன். உட்கார்ந்து டைப் செய்ய ஆரம்பித்தான்.

குறுக்கிழை போட ‘நாடாவை ஓட்டு’ என்றான். அப்படியெல்லாம் செய்ய முடியாது என்றது விளையாட்டு. ‘மிதியை மிதி’ என்றான். எதுவும் நடக்கவில்லை. ‘பார்டருக்கு நாடா ஓட்ட இன்னொரு ஆளைக் கூப்பிடு’ என்றான். இங்கே உன்னைத் தவிர யாருமில்லை என்றது. ‘இழையைப் பிணை’ என்றான். எந்த இழை என்று கேட்டது. செத்த எலியைக்கூடத் தறிமேல் வைத்துப் பார்த்தான்.

“தறி இருக்குது, ஆள் இருக்கறான், நெய்ய விடமாட்டேங்குது. இது இன்னா தறியா, நாற்காலியா?”

வெயில் ஷட்டருக்கு அடியிலிருந்து நகர்ந்து தெருவுக்குப் போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் கழன்றுகொண்டார்கள். கடைசியில் வசீம் கொட்டாவி விட்டபடி கேட்டான்.

“கத்திரிக்கோல் வெச்சிக்கினு இருக்கறியே, அது எதுக்கு?”

“நெய்ஞ்சி முடிச்ச துணிய எடுக்கறதுக்கு.”

“அதான் நெய்யவே விடலியே. பாவ அறுத்துப் பாரேன்.”

சத்யராஜ் மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தான். செல்போன் கடைக்காரனுக்கு எதையும் அறுக்கலாம், எதையும் ஒட்டலாம். தறி வீட்டில் அப்படியில்லை. ஒரு பாவு நெய்து முடியும்போது அதன் நுனியில் அடுத்த பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். நெய்யாத பாவில் ஒருவன் கத்திரி வைத்தான் என்றால், அந்த வீட்டில் நடக்கக் கூடாதது ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்.

“அதானா?” என்று நஸ்னீனைக் கேட்டான். விடையை அவள் முன்பே இணையத்தில் படித்திருந்தாள். பொய் சொல்ல வரவில்லை.

“அதான் அங்கிள். அந்தப் பாவுதான் சுவத்துக்குப் பின்னால ஒரு கல்ல இழுத்துப் பிடிச்சிக்கினு இருக்குது. அறுத்தா கல்லு விழும், கதவு தொறக்கும். வசீம் சாச்சா வாய் தவறிச் சொல்லிட்டாரு. நான் அத துப்புன்னு கணக்குல சேக்கல. டைப் பண்ணுங்க. அடுத்தது கெணத்து ரூம்தான். மீதி உங்களுக்கு மனப்பாடம்.”

பட்டன் போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

“போடுடா” என்றான் வசீம். “போட்டா ஜெயிச்ச.”

சத்யராஜ் பாதி வரை டைப் செய்தான். விரல் நின்றது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

‘அண்ணா, வெறும் கேம்தானே, அறுங்க’ என்று யாரோ எழுதினார்கள்.

“நீ அறுத்துக்கோபா” என்றான் கேமராவைப் பார்த்து. “இத செஞ்சவன் தறிய பாத்தவன் இல்ல. தறி படத்த பாத்தவன். கல்ல கட்டி இழுக்கறதுக்கு ஊர்ல கயிறு கெடைக்கலியா இவனுக்கு? இதுல துப்பு பட்டன் இருந்திருந்தாலும் நான் அறுத்திருக்க மாட்டேன். இவனப் போயி மேதைன்னு சொல்லிக்கினு இருந்தேன் பாரு, என்ன செருப்பால அடிக்கணும்.”

நேரலையை நிறுத்தினான்.

“அப்ப தோத்துட்டியாடா?”

“தோத்துட்டேன். அவ பட்டன அவளே வெச்சிக்கட்டும்.”

எழுந்து ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனான். அவன் இடத்தில் வசீம் உட்கார்ந்து இரண்டு வார்த்தை தட்டினான். உள்ளே தொம்மென்று சத்தம் கேட்டது.

“டேய், கெணறு வந்துடுச்சிடா!”

சத்யராஜ் திரும்பவில்லை. எதிர்க்கடையில் டீ சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி நஸ்னீனின் விளையாட்டைப் பற்றிப் பேசினான். வண்ணங்கள் கல்யாண மண்டபத்து சீரியல் லைட் மாதிரி கண்ணைக் குத்துகின்றன என்றான். இசை தூக்க மாத்திரை என்றான். நாயகி ஒரு தெருவைக் கடப்பதற்குள் வரதராஜர் தேர் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்துவிடும் என்றான். துப்பு பட்டனைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நஸ்னீன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

சாயங்காலத்துக்குள் அவள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் விளையாட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் எழுதியிருந்தான்: ‘அவ்வளவு மோசமா என்று பார்க்க வந்தேன். மூன்றாவது அறையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டனை அமுக்க மாட்டேன்.’