செவலை கிணற்றில் விழுந்த நாள்

சுருளிவேலின் காலில் முள் குத்திச் சீழ் வைத்து, வீக்கம் தொடை வரைக்கும் ஏறிவிட்டது. அவனுடைய அண்ணன் கண்ணுசாமி தன் வண்டியில் போட்டுத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

சாணார்பட்டிக்குக் கிழக்கே, ஊரை விட்டு விலகிக் கிடந்த தோட்டத்து வீட்டில் அவன் மனைவி கண்ணம்மாளும் கைக்குழந்தையும்தான். காலை எடுத்துவிடுவார்களோ என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெங்காயத் தாள் வேறு நுனி கருக ஆரம்பித்திருந்தது. மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைக்க வருகிறேன் என்று சொன்ன கூலியாள் நாச்சிமுத்து வரவே இல்லை. இன்னும் ஒரு நாள் போனால் வெள்ளாமை அம்புட்டும் காய்ந்துவிடும்.

விடிந்ததும் குழந்தையைப் பூவரச மரத்துத் தூளியில் போட்டுவிட்டு, செவலை, மயிலை இரண்டு மாடுகளையும் அவளே கமலையில் பூட்டினாள். அந்தப் பக்கத்தில் பெண்கள் மடை மாற்றுவார்கள், களை எடுப்பார்கள். கமலை ஓட்டியவள் யாருமில்லை.

மாடுகள் சரிவில் இறங்கினால், கிணற்றோரத் தூணில் இருக்கும் உருளை வழியாக வடம் இழுபட்டு, சால் என்கிற தோல்பை தண்ணீரோடு மேலே வரும். அது லேசு. அந்தத் தோல் சாலைத் திரும்பக் கிணற்றுக்குள் இறக்க, மாடுகள் திரும்பாமல் அப்படியே பின்னுக்கு நடந்து கிணற்றோரம் வர வேண்டும். எங்கே நிற்பது என்று ஓட்டுகிறவன் குரல் கொடுத்தால்தான் அவற்றுக்குத் தெரியும். கண்ணம்மாளின் குரல் அவற்றுக்குப் புதிது. இருந்தாலும் கேட்டன. வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

தூளியில் குழந்தை வீரிட்டது. திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண் மூடித் திறக்கும் நேரத்தில் செவலையின் பின்னங்கால் சேற்றில் வழுக்கிக் கிணற்றுக்குள் போய்விட்டது.

செவலை பாதி உடம்பு உள்ளே தொங்கியது. நுகத்தடி மயிலையின் கழுத்தையும் சேர்த்து இழுத்தது. மயிலை முன்னங்கால்களை ஊன்றிப் பார்த்தது, முடியவில்லை. நாக்குத் தள்ளி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கண்ணம்மாள் மயிலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முன்னுக்கு இழுத்தாள். நகரவில்லை. இடுப்பில் களையருவாள் இருந்தது. செவலையை நுகத்தடியோடு கட்டியிருந்த கழுத்துக் கயிற்றில் அதை வைத்தபோது அந்த மாடு அவளையே பார்த்தது.

"என் சாமி..." என்று சொல்லி அறுத்தாள்.

தண்ணீர் மேலே வரை தெறித்தது. மயிலை தடுமாறி எழுந்து, ஓடிப்போய் நின்று நடுங்கியது.

கிணற்றுக்குள் செவலை மூக்கை மேலே தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்தியது. கண்ணம்மாள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்குக் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவள் பழனியம்மாள், அந்தத் தோட்டத்துக்காரி. கணவன் இல்லாமல் தனியாகப் பண்ணையம் பார்க்கிறவள்.

"ஆம்பளைக யாரும் இல்லையா மதினி?" கண்ணம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னைக்குச் சந்தைடி. பொழுது சாய்ஞ்சுதான் வருவாக. அதுவரைக்கும் மாடு தாங்காது." பழனியம்மாள் எட்டிப் பார்த்தாள். "வயித்துல கயிறு குடுத்தாத் தூக்கலாம். யாரு எறங்குறது?"

 குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து ஜக்கம்மாள் என்ற களைக்காரியின் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணம்மாள் சேலையை வரிந்து கட்டினாள்.

"ஏத்தா, உதைச்சுச்சுன்னா செத்துப்போவ!" பழனியம்மாள் தடுத்தாள்.

"நான்தானே அறுத்தேன்."

சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கல்படிகளில் பாசி வழுக்கியது. தண்ணீரில் இறங்கியதும் செவலை அவள் மேலேயே ஏறப் பார்த்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு கொம்பைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்தாள். மேலிருந்து இறக்கிய கமலை வடத்தின் நுனியோடு, மூச்சடக்கி வயிற்றுக்கடியில் முங்கினாள். குளம்பு தோளில் அடித்தது. வடத்தின் நுனி கையை விட்டுப் போனது. மறுபடி முங்கினாள். முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சுற்று, தொடைக்கு முன்னால் ஒரு சுற்று. மாட்டின் மூக்கு தண்ணீருக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

மேலே பழனியம்மாள் தன்னுடைய மாட்டு ஜோடியைக் கொண்டுவந்து பூட்டியிருந்தாள். ஜக்கம்மாள் பயந்தாள். "தூணு முறிஞ்சா ஒங்க மாடும்ல உள்ள போயிரும்!"

"தெரியும். நீ செத்த நேரம் சும்மா இரு."

மாடுகள் இழுத்தன, மற்றப் பெண்கள் வடத்தைப் பிடித்தார்கள். செவலை தண்ணீரை விட்டு எழும்பியது. உருளைத் தூண் கிறீச்சிட்டது. தலைக்கு மேலே அம்புட்டுப் பெரிய உடம்பு தொங்கிச் சுழல்வதைக் கண்ணம்மாள் சுவரோடு ஒண்டிக்கொண்டு பார்த்தாள். பாதியில் வடம் ஒரு முழம் வழுக்கிக் கீழே வந்தது. மேலே பெண்கள் அலறினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பழனியம்மாளின் அதட்டல் கேட்டது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்த நிழல் விலகியது.

அவள் ஏறி வந்தபோது செவலை தரையில் கிடந்தது. பின்னங்கால் தொடையில் தோல் கிழிந்து தொங்கியது. சாக்கால் தேய்த்தார்கள், மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்து நின்றது. கண்ணம்மாள் அப்போதுதான் குழந்தையை வாங்கிப் பால் கொடுத்தாள்.  கணவன் வந்தால் என்ன சொல்வது என்ற பயம் இப்போது முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுவாரம் சுருளிவேல் வந்தான். கால் இருந்தது, கட்டுப் போட்டு, கம்பு ஊன்றி நடந்தான். மாட்டின் தொடையைத் தடவிப் பார்த்தான்.

"ஒன்னய யாரு கமலையத் தொடச் சொன்னா?"

அவள் செவலைக்கு முன்னால் வைக்கோலை உதறிப் போட்டாள்.

"கழுத்துக் கயித்த நீயா அறுத்த?"

"ஆமா."

சுருளிவேல் கம்பை ஊன்றிக் கிணற்றோரம் போய் எட்டிப் பார்த்தான். "அறுக்காட்டி ரெண்டு மாடும் போயிருக்கும். எனக்குக் கை வந்திருக்காது," என்றான்.

செவலை உழவுக்குப் போனது. ஆனால் கமலை மேட்டில் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. பழனியம்மாளின் மாடு ஒன்றை மயிலையோடு சேர்த்தார்கள். சுருளிவேலுக்குக் கால் ஊன்ற வரும்வரை கண்ணம்மாளே ஓட்டினாள். வழியில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. மாடுகள் பின்னுக்கு வரும் ஒவ்வொரு முறையும் பயத்தோடு அவற்றின் பின்னங்கால்களையே பார்ப்பாள். நிற்கச் சொல்லும் குரலை மட்டும் உடையாமல் கொடுத்தாள்.